மணந்து பார்க்காத தோல்

அண்ணை,

இன்று காலை மழைக்கோட்டு எடுக்க மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலுமாரியைத் திறந்தேன். தோல் மணம் முகத்தில் அடித்தது. மரப்பட்டையும் எண்ணெயும் கலந்த, கொஞ்சம் கசப்பான மணம். ஹரோவில் மூன்று நாளாக மழை. ஈரக் காற்றுப் பட்டால் நல்ல தோல் தன் மணத்தை வெளியே விடும் என்று உங்களுக்குச் சொன்னவளே நான்தான்.

அது உங்களுடைய உறை. குரோய்டனில் உங்கள் பிளாட்டைக் காலி செய்தபோது, மடித்து வைத்த ட்ராம் சீருடைகளுக்குக் கீழே ஒரு மட்டைப்பெட்டிக்குள் இருந்தது. பழைய காலத்து இராணுவ அதிகாரிகள் இடுப்பில் கட்டியிருந்த மாதிரியில் செய்த, மூடி போட்ட கைத்துவக்கு உறை. நான் கட்டிலில் இருந்தபடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கனத்த தோல். வெட்டு விளிம்பில் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம்; அப்படியென்றால் மேலே பூசிய சாயம் அல்ல. மெழுகு தடவிய நூலால் நெருக்கமாகத் தைத்த தையல். பெல்ட் நுழையும் பட்டி இரண்டு வரிசை தைத்து, செப்பாணியும் அடித்திருந்தது. மூடியைப் பூட்டும் பித்தளைக் குமிழில் ஒரு கீறலும் இல்லை. ஒருநாளும் பூட்டித் திறக்காத உறை. ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் அதைச் சரியாகத் தெரிந்தெடுக்கச் சொல்லித் தரவில்லையே, அண்ணை. பிழையாகத்தானே தெரிந்தெடுக்க வைத்தேன்.

நீங்கள் உயிரோடு இருந்தபோது இதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது எழுதுகிறேன். எழுதுவதால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரியும்.

அந்த விளையாட்டைப் பற்றி நீங்கள் முதன்முதலில் சொன்ன நாள் நினைவிருக்கிறது. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்து வெளியே நின்று சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். உங்களோடு ட்ராம் ஓட்டும் வெள்ளைக்காரன் ஒருவன் கென்ற் பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான் என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது நாற்பது பேர் அந்தக் காலத்து உலகப்போர் உடுப்புகளைப் போட்டுக்கொண்டு, சின்னப் பிளாஸ்டிக் உருண்டை பாயும் விளையாட்டுத் துவக்குகளோடு பற்றைக்குள் ஓடுவார்களாம். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியமாமாவுக்கு ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு ஆசையா என்று கேட்டாள். நீங்களும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்கவில்லை என்பதை நீங்கள் பார்த்தீர்கள்.

நம் வீட்டில் துவக்கு என்ற சொல்லையே அம்மா சாகும்வரை யாரும் உரத்துச் சொன்னதில்லை. காரணம் உங்களுக்கும் எனக்கும் தெரியும். அப்பா ஒருவரைத்தான் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியும் என்ற நிலையில் உங்களை அனுப்பினார். நீங்கள் போய் இடம் பிடித்ததும் உங்கள் தம்பியை, என் சின்னண்ணையைக் கூப்பிடுவதாகப் பேச்சு. நீங்கள் லண்டனில் அகதி வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள். அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையின் முகப்பில் சின்னண்ணையைச் சுட்டார்கள். அவருக்கு இருபத்தொரு வயது. சுட்டது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தொலைபேசியில் உங்களுக்கு நான்தான் சொன்னேன். எங்கிருந்தோ வந்த சூடு, பட்டவுடனே உயிர் போய்விட்டது, அவருக்கு ஒன்றும் தெரிந்திராது என்று சொன்னேன். எனக்கு அப்போது பதினேழு வயது. அந்தச் சொற்களை நான்தான் யோசித்துக் கட்டினேன். முப்பது வருடத்துக்கு மேலாக நீங்கள் அதை நம்பினீர்கள்.

ஆறு வருடம் கழித்து நானும் இங்கே வந்தேன். கிழக்கு லண்டனில் கைப்பை தைக்கும் ஒரு பட்டறையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. தைத்து முடிந்த பைகளில் பிழை பிடிப்பது. பதினொரு வருடம் அங்கே நின்றதில் தோலை இருட்டில் தொட்டே சொல்லிவிடுவேன் என்று நீங்கள் எல்லோரிடமும் பெருமையடிப்பீர்கள். உங்கள் சப்பாத்து, பெல்ட், பர்ஸ் எதுவும் நான் பார்க்காமல் வாங்கியதில்லை. அதனால்தான் உறை வாங்கவும் என்னைக் கூப்பிட்டீர்கள். அந்தப் புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை நான் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வந்தேன்.

பழைய இராணுவச் சாமான் விற்கும் சந்தை அது. ஒரு பெரிய மண்டபம் நிறைய மேசைகள், கம்பளிக் கோட்டுகள், தண்ணீர்ப் போத்தல்கள், சப்பாத்துகள். உங்கள் விளையாட்டுத் துவக்கைப் பெட்டிக்குள் பூட்டிக் கொண்டுவந்திருந்தீர்கள். தெருவில் வெளியே தெரியக் கொண்டு போவது சட்டப்படி குற்றம் என்று இரண்டு தரம் சொன்னீர்கள். விளையாட்டுத் துவக்கு உண்மையானதைவிடக் கொஞ்சம் தடிப்பாம். பழைய அளவில் செய்த உறைக்குள் இறுகிவிடும், ஆகையால் துவக்கை வைத்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். மூடி இல்லாத உறை சரிவராது, முட்பற்றைக்குள் ஊர்ந்து போகும்போது கொப்பு இழுத்துத் துவக்கு விழுந்துவிடும். இதையெல்லாம் வழி முழுக்க ரயிலில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அவ்வளவு சந்தோசமாக நீங்கள் கதைத்து நான் பல வருடமாகக் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் ஒரு மேசையில் இரண்டு உறை உங்கள் துவக்குக்குச் சரியாக இருந்தன. ஒன்று வெளிறிய மண்ணிறம், கனம், விறைப்பு. மற்றது கடும் கபில நிறம், மெல்லியது, பளபளப்பு. கையில் எடுத்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாவது முழுத் தோல், மரப்பட்டையில் பதனிட்டது. இரண்டாவது தோலின் அடிப்பாகத்தைச் சீவி, மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு பூச்சுப் பூசியது. தையல் அகலம். பட்டி ஒற்றைத் தையலில் தொங்கியது. இரண்டு மழைக்குத் தாங்காது.

நான் இரண்டாவதைக் காட்டினேன். விறைப்பான தோல் பழக மாதக்கணக்கில் எடுக்கும், இது இப்போதே இசைவாக இருக்கிறது, பாரமும் இல்லை என்றேன். அதில் பாதி உண்மை. உண்மையில்லாத மற்றப் பாதிக்கும் நான் முகத்தை மாற்றவில்லை. அது கிழியவேண்டும், நீங்கள் அந்தக் காட்டில் எல்லோர் முன்னாலும் வெட்கப்படவேண்டும், இந்தக் கூத்தை அதோடு விடவேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு அதையே வாங்கினீர்கள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அது கிழிந்தது. நல்ல மழையில் பட்டி அறுந்து, துவக்கு பற்றைக்குள் எங்கேயோ விழுந்து போய்விட்டதாம். ஆறு பேர் சேர்ந்து தேடியும் கிடைக்கவில்லையாம். அடுத்த கிழமை ஒரு மத்தியானம் ஹரோவுக்கு வந்தீர்கள். நான் தேநீர் போட்டேன். குசினி மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்து, அதற்குள்ளிருந்து கிழிந்த உறையை எடுத்தீர்கள். பூச்சு உரிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி நொய்ந்து போயிருந்தது.

"நீ இதை மணந்து பாக்கேல்லை," என்றீர்கள்.

எனக்கு விளங்கவில்லை என்பதுபோல நின்றேன்.

"எந்தத் தோலை எடுத்தாலும் நீ முதல்ல மூக்குக்குக் கிட்டக் கொண்டு போவாய். அண்டைக்கு மற்றதை மணந்தனி. இதை மணக்கேல்லை. அப்பவே எனக்கு விளங்கிட்டுது."

"விளங்கினா ஏன் வாங்கினீங்கள்?"

"நீ சொன்னாய். அதுதான்."

நீங்கள் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டு முடித்திருப்பேன். அந்த நிதானம்தான் என்னை ஆத்திரப்படுத்தியது. வெட்கமில்லையா என்று கேட்டேன். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிதர் துவக்கை வைத்து விளையாடுவதா, சின்னண்ணையை மறந்துபோனீர்களா என்று கேட்டேன். நீங்கள் கையில் இருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போல மெல்லச் சொன்னீர்கள்.

"அங்க சூடு பட்டவன் கையைத் தூக்குவான். தூக்கினா ஒருத்தரும் அவனைச் சுடக்கூடாது, அதுதான் சட்டம். அவன் பின்னால நடந்து போய் ஒரு இடத்தில இருப்பான். பத்து நிமிசத்தில திரும்பி வருவான். எனக்கு அதைப் பாத்துக்கொண்டிருக்க வேணும் போல கிடக்கு, வேறை ஒண்டுமில்லை."

அண்ணை, அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கவேண்டும். ஏன் அந்தக் காட்டுக்குப் போகிறீர்கள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்குச் சொன்னீர்கள். ஆனால் எனக்கு என்ன கேட்டது என்றால், நான் ஒழுங்கையில் கண்டதை நீங்கள் விளையாட்டாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டது.

"சின்னண்ணையும் கையைத் தூக்கினவர்," என்றேன். "ரெண்டு கையையும். அதுக்குப் பிறகுதான் சுட்டவங்கள். நான் படலைக்குள்ள நிண்டு பாத்தனான். நீங்கள் இஞ்ச பத்திரமா இருந்தனீங்கள்."

நீங்கள் கோப்பையை மேசையில் வைத்தீர்கள். சத்தம் வராமல் வைத்தீர்கள்.

"கையைத் தூக்கினவனோ?"

"ஓம்."

கோட்டைப் போட்டீர்கள், சப்பாத்தைக் கட்டினீர்கள், கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனீர்கள். நான் ஜன்னலால் பார்த்தேன். மெற்றோபொலிட்டன் ரயில் நிலையத்துக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும்; நீங்கள் வலப்பக்கம் போனீர்கள். நான் கூப்பிடவில்லை.

ஏழு மாதம் நாங்கள் கதைக்கவில்லை. தைப்பொங்கலுக்கு மகள் உங்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்தாள். நான் பக்கத்து அறையில் நின்று உங்கள் குரல் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது நானா நீங்களா என்று எனக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தரமும் நானே வென்றேன். வைகாசியில் ஒரு காலை நீங்கள் ஷிப்டுக்குப் போய், டிப்போவில் சப்பாத்து நூல் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத்தான் அழைத்தார்கள். அவசரத்துக்கு அறிவிக்கவேண்டியவர் என்று நீங்கள் கொடுத்திருந்த பெயர் என்னுடையது. அந்த ஏழு மாதத்திலும் நீங்கள் அதை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

செத்தவீட்டில் உங்கள் காட்டு நண்பர்கள் ஆறு பேர் மண்டபத்தின் பின்வரிசையில் நின்றார்கள். நம் ஆட்கள் இவர்கள் யார் என்று என்னைக் கேட்டார்கள். ட்ராமில் கூட வேலை செய்தவர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்களோடு நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஒருவர் மட்டும் போகும்போது மகளிடம் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆடி மாதத்தில் உங்கள் கம்பளி உடுப்புகள், பெல்டுகள், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்த மனிதரிடம் போனேன். குப்பையில் போட மனம் வரவில்லை, வீட்டில் வைத்திருக்கவும் மனம் வரவில்லை. உறையை மட்டும் கொடுக்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் அவர், உயரமானவர், அந்த விளையாட்டை நடத்துகிறவர்களில் ஒருவர். காட்டின் ஓரத்தில் ஒரு கூடாரத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நீளமான மேசை, தேநீர்ப் பாத்திரம், பிஸ்கட் டின். இதுதான் உங்கள் அண்ணனின் இடம் என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். நீங்கள் ஐப்பசியில் திரும்ப வந்தபோது, இனிமேல் துவக்கைக் கையில் எடுக்கப் போவதில்லை, ஆனால் வருவதை நிறுத்தவும் விருப்பமில்லை என்று சொன்னீர்களாம். உறை கிழிந்த அடுத்த நாளே தேடிப்போய் வாங்கிய, இப்போது என் அலுமாரியில் இருக்கும் புதிய உறையைக்கூட ஒருநாளும் கட்டிக்கொண்டு வரவில்லையாம். சூடு பட்டவர்கள் வந்து இருக்கும் இந்தக் கூடாரத்தை உங்களிடம் கொடுத்தார்களாம். மழையோ பனியோ ஒரு ஞாயிறும் தவறவில்லையாம். கையைத் தூக்கியபடி வருகிறவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, பத்து நிமிடத்தை உங்கள் கைக்கடிகாரத்தில் பார்த்து, முதுகில் தட்டித் திரும்ப அனுப்புவீர்களாம்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே மரங்களுக்கிடையில் ஒரு இளைஞன் வந்தான். இரண்டு கையும் தலைக்குமேல் தூக்கியிருந்தான். சிரித்துக்கொண்டு வந்தான். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவன் வந்து தானே தேநீர் ஊற்றிக் குடித்தான், எனக்குத் தலையசைத்தான், கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போனான். அவன் போன பாதையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நீங்கள் சொன்னது எனக்கு அப்போதுதான் கேட்டது. கேட்டு என்ன பிரயோசனம்?

பிறகு அந்த மனிதர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். கனடாவில் இருக்கும் உங்கள் மற்ற அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார், இந்தச் செய்தியைத் தாங்கிக்கொண்டாரா என்று கேட்டார். காதில் கோளாறு இருப்பதால் விமானம் ஏற முடியாதென்று தெரியும், ஆனாலும் தன் அண்ணனின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்றார்.

அவரே சொல்லிக்கொண்டு போனார். நீங்கள் அந்தக் காட்டுக்குப் போன முதல் நாளிலிருந்தே தம்பியைப் பற்றிக் கதைப்பீர்களாம். ரொறன்ரோவில் லொறி ஓட்டுகிறவர், இரண்டு பெண்பிள்ளைகள், உங்களைவிட நன்றாகக் குறி பார்ப்பவர், பகிடிக்காரர். போன ஐப்பசியில் மட்டும் ஒரு ஞாயிறு வந்து, தம்பி கடும் வருத்தமாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், பிழைப்பானோ தெரியாது என்று சொல்லிவிட்டு நாள் முழுக்கக் கதைக்காமல் இருந்தீர்களாம். அவர்கள் எல்லோரும் பயந்துபோனார்களாம். மூன்று கிழமை கழித்து, பிழைத்துவிட்டான் என்று சொன்னீர்களாம்.

நான் மாதத்தை எண்ணிப் பார்த்தேன். நீங்கள் என் குசினியிலிருந்து எழும்பிப் போன அதே கிழமை அது.

எனக்குச் சொல்லாத தம்பியை ஒரு தபால்காரருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். என்னோடு இருந்து ஒருதரமாவது அவரைப் பற்றிக் கதைத்தீர்களா? நானும் கதைக்கவில்லைத்தான். அம்மா இருந்தவரை அம்மாவுக்காகக் கதைக்கவில்லை, பிறகு பழகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நகரத்தில், ஒரு மணித்தியால ரயில் தூரத்தில், ஆளுக்கொரு பொய்யை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். நான் அவரை வலியில்லாமல் சாகவிட்டேன். நீங்கள் அவரைச் சாகவே விடவில்லை. உங்கள் பொய்தான் பெரியது, அண்ணை. அதில் எனக்கும் ஒரு இடம் தந்திருக்கக்கூடாதா?

அந்த மனிதர் என் பதிலுக்குக் காத்திருந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வசனம் போதும். "ஓம், தாங்கிக்கொண்டார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "இப்ப பரவாயில்லை."

அவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுதாப அட்டை ஒன்றைத் தபாலில் அனுப்பினார்கள், கனடாவில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கு அனுப்பிவிடுங்கள் என்று. அனுப்ப இடமில்லாத அந்த அட்டை என் கைப்பையில் கிடக்கிறது. அந்த மனிதர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் செய்தி அனுப்பிக் கேட்பார், நானும் பதில் எழுதுவேன். சின்னண்ணைக்குச் சீனி வருத்தம் வந்துவிட்டது என்று எழுதினேன். நம் வீட்டில் எல்லோருக்கும் வருவதுதானே. முழங்கால் நோவால் லொறி ஓட்டுவதைக் குறைத்துவிட்டார் என்று எழுதினேன். போன கிழமை அவருடைய மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது என்று எழுதினேன்.

அவர் உடனே பதில் போட்டார். உங்கள் மூத்த அண்ணன் அவளைப் பற்றி எப்போதும் பெயர் சொல்லிக் கதைப்பார், எங்கள் வாழ்த்தை அவளுக்குச் சொல்லுங்கள் என்று. பெயரை அவர் எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்.

அவளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள், அண்ணை? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?